கட்சி இல்லாத கவுன்சிலர் எந்த வழியில் நாடாளுமன்றம் போகலாம்? அயர்லாந்தில் ஒரு கணக்கு

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறேன். எங்கள் பகுதிக்கு ஆறு கவுன்சிலர்கள். அதில் ஒருவர் எந்தக் கட்சியிலும் இல்லாதவர், ஐம்பது வயதை நெருங்கும் பெண்மணி. 2024 ஜூன் 7 அன்று நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவருக்காக வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்தேன். இங்கே குடியுரிமை வாங்காதவர்களும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். இது நம்மவர்கள் பலருக்கு இங்கே வந்து சில வருஷம் கழித்துத்தான் தெரிகிறது.

போன மாதம் அவர் வீட்டுச் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டார்: "அடுத்த பொதுத் தேர்தலில் நான் நிற்கலாமா? நிற்பதென்றால் எப்படி நிற்பது?"

அன்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அவரை நம்பி நானும் என் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஓட்டுப் போட்டிருக்கிறோம். அதனால் இந்த நாட்டில் கட்சி சாராத கவுன்சிலர்கள் மேலே போன வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கீழவைக்கு, தனித்தே நிற்க வேண்டும். ஒரு தடவை தோற்றாலும் இரண்டு தடவை தோற்றாலும் கவுன்சிலைக் கைவிடக் கூடாது. ஏன் என்பதுதான் மிச்சக் கட்டுரை.

முதலில், இருக்கிற இடத்திலேயே இருந்துவிட்டால் என்ன? இது தள்ளிவிடக்கூடிய யோசனை இல்லை. நாடு முழுக்க 949 கவுன்சிலர் இடங்கள். 2024-ல் அதில் 186 பேர் சுயேச்சைகளாக ஜெயித்தார்கள். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சுயேச்சை என்றால் டெபாசிட் போகிறவர் என்று நம் ஊரில் நினைப்போமே, இங்கே அப்படி இல்லை. மரியாதையான பதவி. ஆனால் அதிகாரம் குறைவு. கவுன்சிலின் அன்றாட நிர்வாகம் முழுக்கத் தலைமை நிர்வாகி என்ற அரசு அதிகாரி கையில். பட்ஜெட்டை நிறைவேற்றுவது, ஊர் வளர்ச்சித் திட்டத்தை ஒப்புக்கொள்வது, சொத்துவரியைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது, முக்கியமாக இவைதான் கவுன்சிலர்கள் கையில் இருப்பவை. குடிதண்ணீர் கவுன்சில்களிடம் இருந்தது. 2014-லிருந்து அது தேசிய நிறுவனத்துக்குப் போய்விட்டது. எங்கள் தெருவில் குழாய் உடைந்து மூன்று நாள் தண்ணீர் இல்லாதபோது எங்கள் கவுன்சிலரால் செய்ய முடிந்தது, அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு எங்களைப் போலவே வரிசையில் காத்திருந்ததுதான். அன்று ராத்திரி அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அவர் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, மேலே போவதென்று வைத்துக்கொள்வோம். இந்த நாட்டில் கவுன்சிலருக்கு முன்னால் நான்கு கதவு இருக்கிறது. ஒரு கட்சியில் சேர்ந்து சீட்டு வாங்குவது, தனித்து நின்று கீழவைக்குப் போவது, சக கவுன்சிலர்களின் ஓட்டில் மேலவைக்குப் போவது, கடைசியாக ஜனாதிபதி பதவி. கடைசியாகச் சொன்னது கனவு மாதிரித் தெரியும். ஆனால் இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே இந்தக் கேள்விக்குப் பாடமாக இருக்கிறவர்தான்.

கேத்தரின் கானலி. 1957-ல் கால்வே நகரில் பிறந்தவர். வீட்டில் பதினான்கு பிள்ளைகள். அம்மா இறந்தபோது இவருக்கு ஒன்பது வயது. மருத்துவ உளவியல் படித்தார், பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரும் ஆனார். 1999-ல் லேபர் கட்சி வேட்பாளராகக் கால்வே நகர கவுன்சிலுக்குத் தேர்வானார். 2004-ல் மேயர். அடுத்த படி கீழவைதானே என்று யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் கால்வே மேற்குத் தொகுதியில் லேபர் கட்சிக்கு ஏற்கெனவே பெரிய மரம் ஒன்று நின்றுகொண்டிருந்தது: பிற்பாடு ஜனாதிபதியான மைக்கேல் டி. ஹிக்கின்ஸ். 2007 தேர்தலில் அவரோடு இரண்டாவது வேட்பாளராகத் தன்னையும் நிறுத்தும்படி கானலி கேட்டார். கட்சி மறுத்தது. கானலி வெளியே வந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கட்சிக் கதவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. லேபர் கட்சி செய்ததைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து இடம் உள்ள தொகுதியில் ஒரு இடத்துக்குத்தான் ஓட்டு இருக்கிறது, இரண்டு பேரை நிறுத்தினால் ஓட்டுப் பிரிந்து இருப்பதும் போகும் என்று கட்சி கணக்குப் போடும். அந்தக் கணக்கில் நீங்கள் எத்தனை வருஷம் வார்டில் உழைத்தீர்கள் என்பதற்கு இடமே இல்லை. கட்சியில் சேரும் கவுன்சிலர் வரிசையில்தான் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர் நகர்கிறவரை நீங்கள் நகர முடியாது. 2011-ல் ஹிக்கின்ஸ் ஜனாதிபதித் தேர்தலுக்காக ஒதுங்கியபோது அந்த இடத்தை லேபர் கட்சியின் வேறொருவர் ஜெயித்தார். கானலி அதுவரை பொறுத்திருந்தால் அது அவருக்கே கிடைத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கிடைத்திருக்கலாம்தான். ஆனால் 2016-ல் நாடு முழுக்க லேபர் கட்சி சரிந்தபோது அந்த இடமும் சேர்ந்து போயிற்று. அதே தேர்தலில், அதே தொகுதியில், தனியாக நின்ற கானலி ஜெயித்தார். கட்சிக் கொடியின் கீழ் ஜெயித்தவர் கட்சிக் கொடியோடு சேர்ந்து விழுந்தார்.

கெர்ரி மாவட்டத்திலும் இதே கதை வேறு மாதிரி நடந்தது. ஜாக்கி ஹீலி-ரே 1973-லிருந்து ஃபியானா ஃபால் கட்சியின் கவுன்சிலர். தலையில் எப்போதும் ஒரு தட்டைத் தொப்பி. 1997-ல் கட்சி சீட்டுத் தரவில்லை. தனியாக நின்று தெற்குக் கெர்ரியில் ஜெயித்து, சிறுபான்மை அரசுக்கு ஆதரவு கொடுத்து, தன் தொகுதிக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கினார். பிற்பாடு அவருடைய இரண்டு மகன்களும் கவுன்சில் வழியாகவே கீழவைக்குப் போனார்கள். குடும்ப அரசியல் எனக்கு உவப்பானது இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கட்சி கைவிட்ட கவுன்சிலரை ஊர் கைவிடவில்லை என்பது உண்மை.

ஊர் கைவிடாமல் இருப்பதற்கு இங்கே ஓட்டுப் போடும் முறையும் ஒரு காரணம். நம் ஊர் மக்களவைத் தேர்தலில் யார் அதிகம் வாங்கினாரோ அவர் ஒருவர்தான் ஜெயிப்பார், மற்றவர்களுக்குப் போட்ட ஓட்டு அத்தோடு சரி. இங்கே ஒரு தொகுதிக்கு மூன்றிலிருந்து ஐந்து உறுப்பினர்கள். ஓட்டுச்சீட்டில் வேட்பாளர் படங்களுக்கு எதிரே பென்சிலால் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். நம் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைத் தேர்தலில் போடுகிறார்களே, அதே முறைதான். அதை இங்கே எல்லா ஜனங்களும் போடுகிறார்கள். ஐந்து இடமுள்ள தொகுதியில் அறுபதாயிரம் செல்லும் ஓட்டு விழுந்தால், ஜெயிக்கத் தேவையான ஓட்டு, அதாவது கோட்டா, 10,001. கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு விழுந்த ஓட்டுச்சீட்டுக் கட்டை அடுத்த விருப்பப்படி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போவார்கள்.

2024 ஜூனில் ஓட்டு எண்ணும் மண்டபத்தில் நானும் இருந்தேன். ஒரு விளையாட்டு அரங்கம். பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக முகம் மேலே தெரியும்படி விரித்து அடுக்குவார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் எல்லாக் கட்சிக்காரர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாய்ந்து நின்று, விரிகிற சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஃபைன் கேல் கட்சிக்காரர் ஒருவர் என் தாளை எட்டிப் பார்த்து "அங்கே ஒன்று விட்டுவிட்டீர்கள்" என்று திருத்தினார். மத்தியானத்துக்குள் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் கவுன்சிலர் முதல் எண்ணிக்கையில் ஏழாவது இடம். இருப்பது ஆறு இடம். நான் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொருவரை நீக்கும்போதும் அந்தக் கட்டிலிருந்து இவருக்குப் பத்து, இருபது, முப்பது என்று வந்து சேர்ந்தது. ஃபியானா ஃபால்காரருக்கு 1 போட்டவர் இவருக்கு 3 போட்டிருந்தார். சின் ஃபேன்காரருக்கு 1 போட்டவர் இவருக்கு 2. கட்சிக்காரர்களுக்குள் ஓட்டு அப்படித் தாண்டாது. பழைய பகை இருக்கிறது. இவர் யாருக்கும் எதிரி இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் நடைபாதை போட்டுக்கொடுத்தவர், அவ்வளவுதான். எட்டாவது எண்ணிக்கையில், கோட்டாவைத் தொடாமலேயே, நீக்கப்படாமல் மிஞ்சியவர்களில் ஒருவராகக் கடைசி இடத்தில் ஜெயித்தார்.

கீழவைத் தேர்தலிலும் இதேதான் வேலை செய்கிறது, பத்து மடங்கு பெரிய அளவில். 2007-ல் தனியாக நின்ற கானலி தோற்றார். 2009-ல் மறுபடி கவுன்சில் தேர்தலில் ஜெயித்தார். 2011-ல் மறுபடி கீழவைக்கு நின்றார். மறு எண்ணிக்கை வரை போன அந்தத் தேர்தலில் கடைசி இடத்தை அவர் இழந்தது 17 ஓட்டில். பதினேழு. ஒரு தெருவில் ஏழெட்டு வீட்டுக் கதவைத் தட்ட மறந்தால் அவ்வளவுதான் வித்தியாசம். 2014-ல் மீண்டும் கவுன்சில். 2016-ல் ஒருவழியாகக் கீழவை. முதல் கவுன்சில் வெற்றியிலிருந்து பதினேழு வருஷம்.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, நடுவில் வரும் கவுன்சில் வருஷங்களைத்தான். இங்கே கவுன்சிலராக இருந்துகொண்டே கீழவைக்கு நிற்கலாம், ராஜினாமா செய்ய வேண்டியதில்லை. தோற்றால் மறுநாள் கவுன்சில் கூட்டத்துக்குப் போகலாம். ஜெயித்தால்தான் கவுன்சில் பதவியை விட வேண்டும். 2003-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. காலியாகும் கவுன்சில் இடத்துக்கு இடைத்தேர்தலும் கிடையாது, கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். ஆக, தோல்விக்கு இங்கே இருக்கும் விலை பணமும் மனசும்தான், பதவி போவதில்லை. தோற்ற வேட்பாளர் ஐந்து வருஷம் காணாமல் போய்விட்டுத் தேர்தலுக்கு முன்னால் வந்து நிற்பதற்கும், தோற்ற மறுவாரமே உங்கள் தெருவிளக்குக்காகக் கடிதம் எழுதுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தவர் லூக் மிங் ஃபிளானகன் என்ற இன்னொரு சுயேச்சை. 1997-ல் இதே கால்வே மேற்கில் கீழவைக்கு நின்றார், 1999-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நின்றார். இரண்டிலும் தோல்வி. 2004-ல் ராஸ்காமனில் கவுன்சிலர் ஆனார். அதன் பிறகு 2011-ல் கீழவை, 2014-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம். ஆள் அதே ஆள்தான். நடுவில் ஊர் வேலை வந்து சேர்ந்தது.

செலவையும் சொல்ல வேண்டும். கட்சி சாராதவர் கீழவைக்கு மனுப் போட 30 வாக்காளர்களின் ஆதரவு, அல்லது 500 யூரோ டெபாசிட். இது பெரிய விஷயமே இல்லை. தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 2016-ல் ஐந்து இடத் தொகுதிக்கு அது 45,200 யூரோ. கோட்டாவில் கால்பங்கு ஓட்டைத் தாண்டியவருக்கு அப்போது அதிகபட்சம் 8,700 யூரோ திரும்பக் கிடைத்தது. மிச்சம் உங்கள் கையிலிருந்து, உறவுக்காரர்களிடமிருந்து, நன்கொடையிலிருந்து. நோட்டீஸ், விளக்குக் கம்பத்தில் கேபிள் டையால் கட்டும் பிளாஸ்டிக் அட்டை, பெட்ரோல். அந்த அட்டைகளை ஓட்டுப்பதிவு முடிந்து ஏழு நாளுக்குள் கழற்றாவிட்டால் அபராதம். போன தடவை மழையில் ஏணி பிடித்துக்கொண்டு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், கட்சிக்காரர்களுக்கு அதற்கு ஆள் இருக்கிறது, சுயேச்சைக்கு நண்பர்கள்தான் இருக்கிறார்கள். முழுத் தொகுதிக்கும் அட்டை கட்ட எங்கள் பதினோரு பேர் போதாது.

சரி, மேலவை. செனட்டில் 60 பேர். அதில் 43 பேரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவுன்சிலர்களும், கீழவை உறுப்பினர்களும், பதவி முடியும் செனட்டர்களும். எண்ணிக்கையில் கவுன்சிலர்கள்தான் பெரும்பாலோர். நம் ஊரில் மேலவை இருந்த காலத்தில், 1986-ல் கலைக்கப்படும்வரை, உள்ளாட்சி மன்றத்தார் ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு பேர் வந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. டன் லேரி பக்கத்துச் சுயேச்சை கவுன்சிலர் விக்டர் பாய்ஹன் 2016-ல் இந்த வழியாகச் செனட்டர் ஆனார். மீத் மாவட்டத்திலிருந்து ஷேரன் கீகன் 2020-ல். 186 சுயேச்சை கவுன்சிலர்கள் சேர்ந்து ஓட்டுப் போட்டால் ஒன்றிரண்டு பேரை அனுப்ப முடியும் என்பது கணக்குப்படி சரி.

ஆனால் இதற்கு நாடு முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டிலும் டீ குடிக்க வேண்டும். வடமேற்கு மூலையில் டானகாலில் ஒருவர், மறுநாள் தென்கிழக்கு மூலையில் வெக்ஸ்ஃபர்டில் ஒருவர். அவர்கள் கேட்பது தங்கள் சம்பளம், படி, ஓய்வூதியம் பற்றி. தப்பில்லை, கவுன்சிலர் சம்பளம் செனட்டர் சம்பளத்தில் பாதிகூட இல்லை. ஆனால் எங்கள் தெருக் குழாய் இந்தப் பேச்சில் எங்கே வருகிறது? செனட்டுக்குப் போனாலும் கவுன்சில் பதவி போய்விடும். கீழவை நிறைவேற்றுவதைச் செனட்டால் தள்ளிப்போட முடியும், தடுக்க முடியாது. ஆக, ஊரை விட்டுக்கொடுத்து, அதைவிடக் குறைந்த பிடியை வாங்குவதாகத்தான் எனக்குப் படுகிறது. ஒரே ஒரு விஷயத்தில் இது உதவும்: கீழவை கலைக்கப்பட்ட 90 நாளுக்குள் செனட் தேர்தல் நடந்தாக வேண்டும். பொதுத் தேர்தலில் கொஞ்சத்தில் தோற்றவருக்கு உடனே இன்னொரு வாய்ப்பு. அந்த நேரத்தில் தேவைப்பட்டால் யோசிக்கலாம். முதல் வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஜனாதிபதி பதவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருபது நாடாளுமன்ற உறுப்பினர்கள் அல்லது நான்கு கவுன்சில்கள் முன்மொழிந்தால் வேட்பாளர் ஆகலாம் என்பது அரசியல் சட்டம். 2018-ல் போட்டியிட்ட ஆறு பேரில் நான்கு பேர் கவுன்சில்கள் வழியாக வந்தவர்கள், நான்கு பேருமே தோற்றார்கள். 2025-ல் கானலி வந்தது நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக. சின் ஃபேன், லேபர், சமூக ஜனநாயகக் கட்சி, பசுமைக் கட்சி எல்லாம் அவர் பின்னால் நின்றன. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவரை இரண்டாவது வேட்பாளராகக்கூட நிறுத்த மறுத்த கட்சியும் அதில் இருந்தது. முதல் விருப்ப ஓட்டில் 63 சதவீதத்துக்கு மேல் வாங்கி, நவம்பர் 11-ல், ஹிக்கின்ஸ் விட்டுப்போன அதே மாளிகைக்குள் போனார். ஓட்டுப் போட வந்தவர்கள் பாதிக்கும் குறைவு, விழுந்த ஓட்டில் எட்டில் ஒன்று செல்லாதது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்படியிருந்தாலும், இது ஒன்பது வருஷம் கீழவையில், அதில் நாலு வருஷத்துக்கு மேல் துணை சபாநாயகராக இருந்த பிறகு திறந்த கதவு. அந்தத் துணை சபாநாயகர் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான். கவுன்சிலிலிருந்து நேராகத் தட்டினால் அந்தக் கதவு திறக்காது.

ஆக மிஞ்சுவது கீழவை, தனியாக. இங்கேதான் எங்கள் கவுன்சிலர் என்னிடம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. நான் அவரிடம் கேட்க நினைப்பதும் அதுதான். ஜெயித்தபின் என்ன செய்வீர்கள்? இந்த நாட்டில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைத்துப் பல காலம் ஆகிறது. சுயேச்சைக்கு ஆட்சி அமைப்பவர்களிடமிருந்து போன் வரும். அப்போது எடுக்கும் முடிவுதான் அவருடைய அரசியல் வாழ்க்கை.

டோனி கிரெகரி கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1979-ல் டப்ளின் நகர கவுன்சிலர். 1982 பிப்ரவரியில் சுயேச்சையாகக் கீழவைக்குள் போனார். கழுத்தில் டை கட்ட மாட்டேன் என்று கடைசிவரை கட்டாமலேயே சபைக்குப் போனவர். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. சார்லஸ் ஹாஹி பிரதமராக இவர் ஓட்டு வேண்டியிருந்தது. கிரெகரி கேட்டதெல்லாம் எழுத்தில் வந்தது: நகர நடுப்பகுதியில் 440 புது வீடுகள், டப்ளினின் மற்ற இடங்களில் 1,600 வீடுகள், வேலைகள், துறைமுகத்தில் 27 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொள்வது. 86-க்கு 79 என்று ஹாஹி பிரதமர் ஆனார். அந்த அரசு அதே வருஷம் நவம்பரில் கவிழ்ந்தது. ஒப்பந்தத்தில் பெரும்பங்கு காகிதத்திலேயே நின்றுபோனது. ஆனாலும் அந்தத் தொகுதி ஜனங்கள் கிரெகரியை 2009 ஜனவரியில் அவர் இறக்கும்வரை ஒரு தேர்தலிலும் தோற்கடிக்கவில்லை. கேட்கத் துணிந்தார், கேட்டதைப் பகிரங்கமாக மேசை மேல் வைத்தார், தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

கால்வே மேற்கிலேயே இரண்டு சுயேச்சைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள் என்பது இந்த ஒப்பீட்டுக்கு நல்ல வசதி. நோயல் கிரீலிஷ் ஒரு கட்சி வழியாக 2002-ல் கீழவைக்கு வந்து, அந்தக் கட்சி கலைந்தபின் சுயேச்சையாகத் தொடர்பவர். 2025-ல் ஆட்சிக்கு ஆதரவு கொடுத்த சுயேச்சைகளில் ஒருவராக இணையமைச்சர் ஆனார். கானலி கடைசிவரை எதிர்வரிசை. கால்வேயின் வீட்டுப் பிரச்சினையைத் திரும்பத் திரும்ப எழுப்பினார், மற்றவர்கள் பேசத் தயங்கிய வெளிநாட்டு விவகாரங்களையும் பேசினார். ஜனங்கள் 2016, 2020, 2024 என்று மூன்று தேர்தலில் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். ஒருவரிடம் காரியம் நடக்க வேண்டும், இன்னொருவரிடம் குரல் கேட்க வேண்டும். ஒரே சீட்டில் இரண்டு பேருக்கும் விருப்ப ஓட்டுப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

எங்கள் கவுன்சிலருக்கு எது பொருந்தும்? அவரை அறிந்தவன் என்ற முறையில், கிரெகரி வழிதான் என்பேன். அவருக்கு மேடைப் பேச்சு வராது. கோப்பைப் படித்து, இந்தப் பக்கத்தில் இந்த வரியில் நீங்கள் ஒப்புக்கொண்டது இது என்று அதிகாரியிடம் விரல் வைத்துக் காட்டத் தெரியும். அப்படிப்பட்டவர் ஆட்சிக்கு ஆதரவு கொடுப்பதானால் தண்ணீர், வீடு என்று இரண்டே இரண்டு விஷயத்தை முன்கூட்டியே தேர்தல் நோட்டீஸிலேயே அச்சடித்துச் சொல்ல வேண்டும். ஜெயித்தபின் கதவைச் சாத்திக்கொண்டு பேரம் பேசினால், 2-ம் 3-ம் போட்ட மற்றக் கட்சி வீடுகள் அடுத்த தடவை அவர் படத்துக்கு எதிரே ஒன்றும் எழுத மாட்டார்கள். இன்னொன்று, கீழவையில் ஐந்து பேராவது சேர்ந்து குழுவாக இருந்தால்தான் பேச ஒழுங்காக நேரம் கிடைக்கும். எந்தக் குழு என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். சுயேச்சைகளே சேர்ந்து 2023-ல் தொடங்கிய இண்டிபெண்டண்ட் அயர்லாந்து கட்சி 2024-ல் நான்கு இடம் பிடித்தது. அவர்கள் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. பணமும் ஆளும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஓட்டுச்சீட்டில் கட்சிப் பெயர் அச்சானதும், எட்டாவது எண்ணிக்கை வரை அவரைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பத்தும் இருபதும் முப்பதும் வருமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாகக் காலண்டர். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029 கோடையில். இப்போதைய கீழவை 2024 டிசம்பரில் கூடியது, ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது. நடுவில் கவிழாவிட்டால், கவுன்சில் தேர்தல் முடிந்த சில மாதத்திலேயே பொதுத் தேர்தல் வரும். இரண்டுக்கும் ஒரே கதவுகளைத்தான் தட்ட வேண்டும், ஒரே வருஷத்தில் இரண்டு தடவை. கவுன்சிலைத் தக்கவைத்துவிட்டு அந்தச் சூட்டோடு கீழவைக்கு நின்றால், தோற்றாலும் 2034 வரை அவருக்கு ஊரில் நாற்காலி இருக்கும். அதனால் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: தன் பகுதிக்கு வெளியே, தொகுதிக்குள் இருக்கிற மற்றக் கவுன்சில் பகுதிகளில் ஒவ்வொரு ஊரிலும் ஏணி பிடிக்க நாலு பேரைத் தேடுவது.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பதில் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தொகுதி வரைபடத்தை எடுத்துவந்து மேசையில் விரித்து, டீக் கோப்பையை ஒரு மூலையில் வைத்தார். வடக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் மேல் பென்சிலை வைத்து, "இங்கே உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு இரண்டு மலையாளி நர்ஸ்களைத் தெரியும். பெயர்களை எழுதிக்கொண்டார்.